லைசென்சு சுவரில், கடன் புத்தகம் கல்லாவில்!



மதுக்கடை முதலாளிமார் பாடுவது ஒரே பாட்டு. “எங்களிடம் லைசென்சு இருக்கிறது, குடிக்கிறவன் குடிக்கிறான், எங்கள்மீது என்ன குற்றம்?” என்கிறார்கள். லைசென்சு என்றால் சுவரில் மாட்டும் சாமி படம் என்பது இவர்கள் எண்ணம் போலும்!

இந்த வாதம் தோட்டப் பாட்டாளிக்குப் புதிதன்று. அந்நாளைய தோட்டக் கள்ளுக்கடைகளும் லைசென்சு பெற்றவைதாம். சம்பளம் கொடுத்த நிர்வாகமே கள்ளையும் விற்றது. ஒரு கையால் கொடுத்த காசை மறு கையால் வாங்கிக்கொண்டது. அக்கடைகளை மூட வேண்டும் என்பது 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து போலீசின் தடியடிக்கு ஆளானார்கள். லைசென்சு முறையாக இருந்ததா என்று அன்று எவரும் கேட்கவில்லை. நம் குடும்பம் பிழைக்குமா என்றே கேட்டார்கள்.

இன்று கடை தோட்டத்துக்கு வெளியே, சாலையோரத்தில், ‘பப்’ என்ற பெயர்ப்பலகையோடு நிற்கிறது. குடிக்கவே கூடாது என்று நாம் இங்கே வாதாட வரவில்லை. (நம் சங்கத்திலேயே அப்படிச் சொல்வோர் உண்டு, அது வேறு வழக்கு.) விடியுமுன் எழுந்து நிரையை முடித்தவன் தன் காசில் ஒரு கிளாஸ் குடிப்பது அவன் விருப்பம். விற்கிறவன் ஒழுங்காக விற்கிறானா என்பதே நம் கேள்வி.

சில்லறையில் மது விற்க 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி லைசென்சு வேண்டும். அதில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. அதற்கு முன் 18ஆக இருந்தது. பாட்டுக் கச்சேரிக்கும் கரோக்கேக்கும் அனுமதி வேறு; சிலாங்கூரில் அதற்கென்றே 1995ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டம் இருக்கிறது. ஊற்ற ஒரு சீட்டு, பாட இன்னொரு சீட்டு. முதலாவதைக் காட்டி நள்ளிரவு தாண்டியும் ஒலிபெருக்கியை அலற விட்டால், நாலு மணிக்கு எழ வேண்டியவன் எப்போது தூங்குவான்?

எங்கள் வட்டாரத்துக் கடையொன்றில் லைசென்சு கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளக்கிறது. அதன் கீழே கல்லாவில் கடன் புத்தகம். புத்தகத்துக்கு அடியில், ரப்பர் வளையம் போட்ட கட்டாக, தொழிலாளரின் பேங்க் அட்டைகள்! சம்பளம் விழுந்த அன்றே கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று என்று நாம் மகிழ்ந்தோம். அந்தக் கட்டுக்குள் போன அட்டைக்கு அதனால் என்ன லாபம்?

கிராணிமார்களாகிய எங்களுக்கு இதன் கணக்குத் தெரியும். சம்பள நாளுக்கு மறுநாள் செக்ரோலில் விழும் காலியிடங்களை நாங்கள்தானே எழுதுகிறோம். தள்ளாட்டத்தோடு வேலைக்கு வந்தவன் கத்தியோ பட்டையைத் தாண்டி மரத்தில் பாய்கிறது. காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மரம் கெடுகிறது; திட்டு அவனுக்கு; லாபம் கடைக்கு.

மலிவுச் சரக்கின் கதை இன்னும் கொடியது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது குடித்து 30 பேருக்கு மேல் மாண்டனர். அயல்நாட்டுத் தொழிலாளரும் அவர்களில் இருந்தனர். சரக்கு எங்கிருந்து வந்தது, வரி முத்திரை இருக்கிறதா என்று பார்க்காத கடைக்காரர் வேறு எதைத்தான் பார்ப்பார்?

ஆகவே கடைக்காரரிடம் நாம் நேரில் கேட்போம்: அட்டைகளைத் திருப்பிக் கொடு. கடனுக்கு ஊற்றாதே. நிதானம் தப்பியவனுக்கு அடுத்த கிளாஸை மறுத்து, மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பு. இதையெல்லாம் செய்து பிழைக்கிற கடையும் உண்டு. அதன்மேல் நமக்குப் பகையில்லை.

கேட்காவிட்டால்? கிளைச் செயலாளர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கடை மூடிற்று, எத்தனை மணி வரை பாட்டு ஓடிற்று, பிள்ளை வயதுக்காரருக்கு ஊற்றினார்களா, பார்த்த சாட்சி யார் என்று எழுதட்டும். லைசென்சு புதுப்பிக்கும் வேளைக்கு முன்பே அதை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்கி வாருங்கள்.