ஒரே ஆய்வு நிதி, நான்கு கணக்குகள்: பல்கலைக்கழகங்களில் விடுபடுவது யாருடைய பெயர்?

பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு ஆராய்ச்சி மானியம் கிடைத்தால், அந்த ஒரே தொகை குறைந்தது நான்கு இடங்களில் பதிவாகிறது. நிதிப் பிரிவு பயன்பாட்டுச் சான்றிதழுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தேசியத் தரவரிசைக்கு மற்றொன்று, 'நாக்' தரச்சான்றுக்கு வேறொன்று, ஆசிரியரின் பதவி உயர்வுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் கேட்கும் கேள்வி வேறு. எனவே, ஒரே மானியம் நான்கு இடங்களில் நான்கு விதமாகத் தோன்றுகிறது.

2016 முதல் வெளியாகும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குத் தேவை, முந்தைய மூன்று ஆண்டுகளில் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த ஆராய்ச்சி நிதி. அதை ஆசிரியர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரப்படுகிறது. அனுமதிக் கடிதத்தில் உள்ள தொகை இங்கு பொருட்டல்ல. நாக் அமைப்போ ஐந்து ஆண்டு விவரங்களைக் கேட்கிறது. ஃபெல்லோஷிப் எனப்படும் ஆய்வு நல்கை பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதும் அதன் கேள்விகளில் ஒன்று. ஒன்று பணத்தை எண்ணுகிறது. மற்றொன்று ஆட்களையும் எண்ணுகிறது.

ஆசிரியரின் வாழ்வை நேரடியாகத் தொடுவது பதவி உயர்வுக் கணக்குதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டத்தை முடித்தவருக்கு 10 புள்ளிகள். அதற்குக் குறைவானால் 5. கூட்டுத் திட்டமெனில் முதன்மை ஆய்வாளருக்கும் இணை ஆய்வாளருக்கும் பாதிப் பாதி. சர்வதேச விருது அல்லது ஃபெல்லோஷிப்புக்கு 7, தேசிய அளவிலானதற்கு 5.

இந்த ரூ.10 லட்சம் என்ற எல்லைக்கோடு எல்லாத் துறைகளுக்கும் பொருந்துவதாகத் தெரியவில்லை. வேதியியல் ஆய்வகத்துக்கு ஒரு கருவி வாங்கினாலே அந்த எல்லை கடந்துவிடும். ஆவணக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து பணியாற்றும் வரலாற்று ஆய்வாளருக்கு அவ்வளவு தொகை தேவைப்படுவதே அரிது. குறைந்த செலவில் ஆய்வை முடிப்பவர் குறைந்த புள்ளி பெறுகிறார் என்பது விந்தையானது.

2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு விதிமுறைகள் இந்தப் புள்ளிக் கணக்கைக் கைவிட முன்வந்தன. ஒன்பது வகையான குறிப்பிடத்தக்க பங்களிப்புகளில் குறைந்தது நான்கைக் காட்ட வேண்டும் என்று கூறிய அந்த வரைவு, முதன்மை ஆய்வாளராகவோ இணை முதன்மை ஆய்வாளராகவோ பெற்ற ஆய்வு நிதியையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. துணைவேந்தர் நியமனம் குறித்து மாநிலங்கள் எழுப்பிய எதிர்ப்பில் இந்தப் பகுதி அதிகம் விவாதிக்கப்படவில்லை. புள்ளிகள் போனால் முடிவு தேர்வுக் குழுவின் கைக்குச் செல்லும். அப்போது ஆசிரியருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, பிழையற்ற ஆவணம்.

பதிவின் அருமையை ஐ.ஐ.டி. டெல்லி 2024-இல் உணர்ந்தது. 2017 முதல் 2022 வரை பெற்ற ஆராய்ச்சி மானியங்களுக்கு ரூ.120 கோடி ஜிஎஸ்டி தொடர்பாக அதற்கு நோட்டீஸ் வந்தது. மானியத்தைச் சேவைக்கான கட்டணமாக வரித் துறை வாசித்ததே காரணம். அந்த ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் விலக்கு அளிக்கப் பரிந்துரைத்த பிறகே நிம்மதி பிறந்தது.

வரும் ஆண்டுகளில் இந்தச் சிக்கல் கூடவே செய்யும். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் ரூ.50,000 கோடி திட்டமிடப்பட்டது. அதில் மத்திய அரசின் பங்கு ரூ.14,000 கோடி மட்டுமே. எஞ்சியது தொழில் துறை, நன்கொடை உள்ளிட்ட வழிகளில் வர வேண்டும். நிதி தருவோர் பெருகப் பெருக நிபந்தனைகளும் பெருகும்.

காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் 'வித்வான்' என்ற நிபுணர் தரவுத்தளத்தை நடத்துகிறது. ஆய்வாளர் விவரங்களைத் தேசிய அளவில் ஓரிடத்தில் வைக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதன் பொருள். இல்லாதது, அனுமதிக் கடிதம் வந்த அன்றே முதன்மை ஆய்வாளர், இணை ஆய்வாளர், அனுமதித்த தொகை, ஆண்டுதோறும் வந்த தொகை ஆகியவற்றை ஒரே முறை பதியும் வழக்கம்தான். அந்தப் பதிவை ஆசிரியரே பார்த்துத் திருத்தக் கோரவும் முடிய வேண்டும். பணம் வராத ஃபெல்லோஷிப்புகளும், வேறு பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்த திட்டத்தில் இணை ஆய்வாளராக உழைத்தவரின் பங்கும் நிதிப் பிரிவின் பேரேட்டில் ஒருபோதும் ஏறுவதில்லை. அவற்றுக்கான சான்றைப் பதவி உயர்வு நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில், பழைய மின்னஞ்சல்களில் ஆசிரியர்களே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.