போனஸ் மேல் போனஸ்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரவேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் கண்டவுடன், என் வகுப்பு நண்பர்கள் சிலர் விஞ்ஞானத்தைப் பற்றியும், சிலர் நாட்டுப்பற்றைப் பற்றியும் எழுதப் புறப்பட்டனர். நானோ ஒரு விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதிலும் அவ்விளையாட்டில் ஒரு சிறு விதியைப் பற்றி! "இதுவும் ஒரு பொருளா?" என்று பேராசிரியப் பெருமக்கள் புருவத்தை உயர்த்தக் கூடும். கட்டுரையை இறுதிவரை படித்த பிறகு தீர்ப்பு வழங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னஸன் என்பவரும் சேர்ந்து 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். சிறிய பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்திப் போர் ஆடுவது அவர்களுடைய பழக்கம். அதிலிருந்து பிறந்ததே இது. ஆனால் இதில் ஒருவருக்கு ஒரு படை இல்லை. ஒருவருக்கு ஒரே ஒரு கதாபாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் வேடமேற்று, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். வென்றவர் தோற்றவர் என்று யாருமில்லை. எல்லோரும் ஒரே அணி.

நாங்கள் நால்வர் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் அறையில், மூன்றாம் ஆண்டு படிக்கும் அண்ணன் ஒருவர் இதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார். அடிப்படை விதிகளை அந்நிறுவனமே இலவசமாக வெளியிட்டிருப்பதால் செலவு எங்களுக்குப் பகடையோடு முடிந்தது. சனிக்கிழமை இரவுதோறும் எங்கள் பாய் போர்க்களமாகிவிடும்.

இனி விஷயத்திற்கு வருகிறேன். இவ்விளையாட்டின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு சாதாரண மனிதனின் வேகம் 30 அடி. ஒரு சுற்று என்பது 6 வினாடி. அந்த 6 வினாடியில் அவன் 30 அடி நகர்ந்து, வேறொரு காரியமும் செய்யலாம். இந்த வேகத்தைக் கூட்டப் பல வழிகள் உண்டு. காட்டு வீரன் ஐந்தாம் நிலையை எட்டினால் 10 அடி கூடும். துறவி வீரன் இரண்டாம் நிலையிலேயே 10 அடி பெறுவான். 'நெடுநடை' மந்திரம் ஒரு மணி நேரத்துக்கு 10 அடி தரும். 'துரித' மந்திரமோ வேகத்தையே இரட்டிப்பாக்கிவிடும்.

என் பாத்திரம் ஐந்து நிலை காட்டு வீரன், இரண்டு நிலை துறவி. அதாவது 30, 10, 10, மந்திரத்தால் மேலும் ஒரு 10, ஆக 60. அறை நண்பன் ஒருவன் துரித மந்திரத்தை என்மேல் ஏவினான். 60 இரட்டித்து 120 ஆயிற்று. கணித மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். முதலில் 30-ஐ இரட்டித்து 60 ஆக்கி, அதன்பின் 30-ஐக் கூட்டினால் கிடைப்பது 90 தானே? கூட்டிப் பெருக்குவதும் பெருக்கிக் கூட்டுவதும் ஒன்றல்ல. நடுவிலே ஒரு மனிதனின் முழு வேகமே காணாமல் போய்விடுகிறது. "இரட்டிப்பது உன் வேகத்தை. உன் வேகம் என்பது எல்லாம் கூட்டி வந்த தொகை" என்று அண்ணன் தீர்ப்பளித்தார். 120 எனக்குக் கிடைத்தது.

அத்துடன் விட்டேனா? செய்யக்கூடிய காரியத்துக்குப் பதிலாக ஓட்டத்தைத் தேர்ந்தால் மேலும் 120. துரித மந்திரம் தரும் கூடுதல் காரியத்திலும் ஓட்டம், 120. துறவியின் உள்ளாற்றலைச் செலவழித்து இன்னொரு ஓட்டம், 120. ஆறு வினாடியில் 480 அடி! மணிக்கு ஏறத்தாழ 88 கிலோமீட்டர். 2009-இல் பெர்லின் நகரில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். அந்த ஓட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 38 கிலோமீட்டர்கூட இல்லை. அன்றிரவு நான் கொண்ட பெருமிதத்துக்கு அளவே இல்லை.

ஆனால் எங்களில் இன்னொருவன் குள்ளர் இனத்துப் போர்வீரன் வேடம் ஏற்றிருந்தான். அப்பதிப்பில் குள்ளரின் வேகம் 25 அடி. கனத்த கவசம் அணிந்தாலும் அது குறையாது என்பது அவ்வினத்தின் சிறப்பு. மெதுவாக நடப்பான், எவ்வளவு கனத்த கவசம் அணிந்தாலும் அதே நடை நடப்பான். ஓட்டமும் நடையுமாக அவன் ஒரு சுற்றில் 50 அடி கடப்பதற்குள் நான் பகைவனை அடைந்து, அடித்து, முடித்தும் விட்டேன். அந்தச் சனிக்கிழமையில் மூன்று சண்டைகள் நடந்தன. மூன்றிலும் அவன் வந்து சேர்ந்தபோது வேலை இல்லை. மூன்றாவது சண்டையில் அவன் பகடையைக் கையில் எடுக்கவே இல்லை. "நாளைக்குப் பேப்பர் போடணும்டா, தூங்கறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அண்ணனிடம் கேட்டேன். அவர் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பைப் பற்றியும், 2003-இல் திருத்தி வெளியிட்டதைப் பற்றியும் சொன்னார். அதில் போனஸ்களுக்கு இனப்பெயர் உண்டு. பொதுவாக ஒரே இனத்துப் போனஸ்கள் இரண்டு வந்தால் கூட்டக்கூடாது. பெரியது எதுவோ அது மட்டும் நிற்கும். வெவ்வேறு இனமானால் தாராளமாகக் கூட்டலாம். துறவியின் வேகம், நெடுநடை, துரிதம் ஆகிய மூன்றும் அங்கே 'மேம்பாடு' என்ற ஒரே இனம். துரிதம் இரட்டிப்பாக்குவதில்லை, 30 அடி தருகிறது. துறவிக்கும் நெடுநடைக்கும் உரிய பத்துப் பத்து அடிகள் அந்த 30-க்குள் அடங்கிவிடும். காட்டு வீரனின் 10 அடிக்கு இனப்பெயர் இல்லாததால் அது தனியே கூடும். ஆக, என் 120 அங்கே 70 ஆகிவிடும். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் ஒரு தடை இருக்கிறது: ஒரே மந்திரத்தை இருவர் ஒருவன்மேல் ஏவினாலும் பலன் ஒன்றுதான். அது பெயரைப் பார்க்கிறது; பழையது இனத்தைப் பார்க்கிறது.

'உழைத்துச் சேர்த்த போனஸை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை கொடுத்துத்தானே பெற்றேன்?' என்பது அப்போது என் வாதம். இவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இதே வாதத்தை நான் வேறோர் இடத்திலும் பேசியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

என் தந்தையார் கொத்தனார். தீபாவளி போனஸ் என்ற சொல்லை அவர் பிறர் வாயில் கேட்டதோடு சரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். முதலாம் ஆண்டில் கல்விக் கட்டணத்துக்கென ஓர் உதவித்தொகை கிடைத்தது. பிறகு ஓர் அறக்கட்டளை, வெளியூர் மாணவர்களின் தங்கும் செலவுக்கும் உணவுக்கும் உதவி தருவதாக அறிந்து விண்ணப்பித்தேன். படிவத்தின் கடைசியில் ஒரு வரி: 'வேறு எவ்வித உதவித்தொகையும் பெறவில்லை என உறுதி கூறுகிறேன்.' பொய் கூற மனம் வரவில்லை. பெறுவதை எழுதினேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. அன்று நான் கொண்ட கோபம் கொஞ்சமல்ல. 'கட்டணம் கட்டியவனுக்குப் பசிக்காதா?' என்று அறையில் கத்தினேன்.

அந்த உதவி யாருக்குக் கிடைத்தது தெரியுமா? குள்ளர் வேடம் ஏற்றானே, அதே நண்பனுக்கு. அவனுக்கு வேறு எந்த உதவியும் இல்லை. விடியற்காலையில் செய்தித்தாள் போட்டுவிட்டு வகுப்புக்கு வருபவன் அவன். எனக்கு அத்தொகை கூடியிருந்தால் அவனுக்கு ஒன்றும் இருந்திருக்காது. என் கோபத்தின் போது அவன் அறையில்தான் இருந்தான். ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று எனக்கு விளங்காத அந்த மௌனம், பகடையைத் தொடாமல் அவன் படுத்த இரவில் விளங்கியது.

ஆகவே என் கருத்து இது: ஒரே இனத்து நன்மை ஒருவரிடமே குவியலாகாது என்ற விதி நல்ல விதி. அது திறமையைத் தண்டிப்பதில்லை. பலர் கூடி ஆடும் இடத்தில் எல்லோரும் ஆட வேண்டும் என்பதைக் காக்கிறது. ஒருவன் 480 அடி பாய்வதால் அணி வேகமாகிவிடுவதில்லை. கடைசி ஆள் வந்து சேரும்போதுதான் அணி வந்து சேர்கிறது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. விதி நல்லதாக இருப்பது போதாது. இனம் பிரிப்பதும் நேர்மையாக இருக்க வேண்டும். 2019-இல் வந்த 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பு, போனஸ்களைச் சூழ்நிலையால் வருவது, பொருளால் வருவது, நிலையால் வருவது என மூன்றாகப் பிரித்து, எது எந்த இனம் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறது. ஆடுகிறவன் முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். நான் கண்ட படிவத்திலோ ஒரே பெட்டிதான். கட்டணமும் உதவித்தொகை, உணவும் உதவித்தொகை, புத்தகமும் உதவித்தொகை! வயிறும் புத்தகமும் ஒரே இனம் என்று எந்தக் கணிதம் சொல்லும்? ஒரே இனத்தைக் கூட்டாதே என்பது நீதி. வெவ்வேறு இனங்களுக்கு ஒரே பெயர் சூட்டிவிட்டுக் கூட்டாதே என்பது நீதியின் வேடம்.

அப்படியானால் நண்பனுக்குக் கிடைத்தது தவறா என்று கேட்கலாம். இல்லை. பெட்டிகளைச் சரியாகப் பிரித்து வைத்திருந்தாலும் அவ்வுதவி முதலில் அவனுக்கே உரியது. அடிப்படை வேகம் 25 உள்ளவனை முதலில் பார்த்துவிட்டு, மீதி இருந்தால் 30 உள்ளவனைப் பார்ப்பதே முறை. என் கேள்வியெல்லாம், மீதி இருக்கும்போதும் அந்த ஒற்றை வரி என்னைப் போன்ற எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறது என்பதுதான்.

அவ்விளையாட்டின் மூன்றாம் பதிப்பில் வேடிக்கையான விதி ஒன்று உண்டு. இரு மடங்கும் இரு மடங்கும் சேர்ந்தால் நான்கு மடங்கு அல்ல, மூன்று மடங்கே. ஆனால் எடை, தூரம் போன்ற உலகத்து அளவுகளுக்கு மட்டும் வழக்கமான கணிதத்தையே பின்பற்றுக என்று அதே விதி கூறுகிறது. விளையாட்டை எழுதியவர்களே, விளையாட்டுக் கணக்கு வேறு, உலகத்துக் கணக்கு வேறு என்று அறிந்திருந்தார்கள். படிவம் எழுதுகிறவர்களும் அறிந்துகொண்டால் நல்லது.

இப்போது எங்கள் அறையில் வேகப் போனஸ்களுக்கு இனம் பிரித்துவிட்டோம். அண்ணன் ஒப்புக்கொள்வதற்கு முன்பே நான் என் தாளில் 120-ஐ அடித்து 70 என்று எழுதிவிட்டேன். சென்ற சனிக்கிழமை ஒரு பாலத்தின்மேல் சண்டை நடந்தது. நான் பாலத்தின் நடுவே போய் நின்றேன். அடுத்த சுற்றில் கனத்த கவசத்தோடு நண்பனும் வந்து சேர்ந்தான். பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. அந்தக் கூச்சலுக்கு வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.