தூக்குவாளியில் வரக்காப்பி



போன மாதம் போடி மலையடிவாரத்துக் குரங்கணியில் காலை ஜீப்புக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் அக்கா. மலைமேல் சென்ட்ரல் என்கிற ஊர்ப் பக்கம் காப்பிப் பழம் எடுக்கப் போகிறவர். தூக்குவாளி மூடியில் வரக்காப்பியை ஊற்றி எனக்கும் நீட்டினார். "எனக்குச் சுகரு தம்பி. சீனிய விட்டு ரெண்டு வருசமாச்சு. கருப்பட்டிதான்" என்றார். மூடியின் அடியில் கருப்பட்டி மண்டி திட்டாகத் தங்கியிருந்தது.

அந்த மண்டிதான் என்னை இதை எழுத வைத்தது. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். இரத்தத்தில் அதுவும் சர்க்கரையாகத்தான் ஏறும். ஊர் ஊராக நம் அம்மாக்கள், கருப்பட்டி கெடுதல் செய்யாது என்ற ஒரு நம்பிக்கையில் ஏமாந்துகொண்டிருக்கிறார்கள்.

இனிப்பே போடாவிட்டால்? அப்போதும் கஃபீன் இருக்கிறது. அது அட்ரினலினைத் தூண்டும். இன்சுலின் வேலை செய்வது மந்தமாகும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் காப்பி குடிக்கும் சர்க்கரை நோயாளிகள் 10 பேருக்கு ஏறக்குறைய 4 கப் காப்பியிலுள்ள கஃபீனை மாத்திரையாகக் கொடுத்தார்கள். நாளின் சராசரிச் சர்க்கரை 8 சதவீதம் கூடியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 26 சதவீதம். பத்தே பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் ராத்திரி சாப்பிட்ட கையோடு காப்பி கேட்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

"காப்பி குடித்தால் சுகரே வராதாமே" என்பவர்களும் உண்டு. நெதர்லாந்தில் 17,000 பேரைப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், நிறையக் காப்பி குடித்தவர்களுக்கு நோய் குறைவாகவே வந்திருந்தது. கஃபீன் நீக்கிய காப்பியிலும் இதே போக்கு தெரிவதால், அந்தப் பெருமை கொட்டையிலுள்ள வேறு பொருள்களுக்குப் போகலாம். ஆனால் அது நோய் வராதவர்களின் கணக்கு. வந்தவர்கள் அதை நம்பி டம்ளரை நிரப்பக் கூடாது.

போடி மலைக் காப்பியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. அக்காவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். கருப்பட்டியை விடுங்கள். ஒருநாள் காலைப் பலகாரத்தைக் காப்பியோடும், மறுநாள் அதே பலகாரத்தைக் காப்பியில்லாமலும் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். இரண்டு எண்களையும் டாக்டரிடம் காட்டுங்கள். எங்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

"கசக்குமே தம்பி" என்றார் அக்கா. ஜீப் வந்துவிட்டது. மூடியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டு ஏறினார்.

அன்புடன்,
ஆசிரியர்