முந்திப் படிப்பது பிந்தி உதவுமா?



பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேறிய வீடுகளில் இப்படியொரு கேள்வி எழுவதுண்டு. "பேத்தி பாடசாலையில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடமும் படிக்கிறாளாம். பிள்ளைக்குப் பாரமில்லையா?"

விடயத்தை முதலில் விளங்கிக்கொள்வோம். அங்கே இளமானிப் பட்டத்திற்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். ஒரு பாடத்திற்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். இவற்றிற் சிலவற்றைப் பாடசாலைக் காலத்திலேயே சேர்க்க இரு வழிகள் உண்டு.

ஒன்று, கொலேஜ் போர்ட் 1955 முதல் நடத்திவரும் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட். பாடசாலையிலேயே படித்து, மே மாதம் பரீட்சை எழுத வேண்டும். புள்ளி 1 முதல் 5 வரை. பல கல்லூரிகள் 3 புள்ளிக்கே கிரெடிட் தருகின்றன. சில 4 அல்லது 5 கேட்கின்றன. மற்றையது, சமுதாயக் கல்லூரி போன்றவற்றின் பாடத்தையே நேரடியாகப் படிப்பது.

இப்படிப் படித்தோர் பின்னர் கல்லூரியில் நன்றாகச் செய்கின்றனர். ஆனால், "கெட்டிக்காரப் பிள்ளைகள்தானே இதில் சேர்கிறார்கள்?" என்று கேட்டால் அது நியாயமான சந்தேகமே. 'ஏர்லி கொலேஜ்' எனும் பாடசாலைகள் இதற்கு விடை தந்தன. இடத்தைவிட விண்ணப்பம் கூடியபோது அவை சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைச் சேர்த்தன. இடம் கிடைத்தோரையும் கிடைக்காதோரையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். கிடைத்தோரிலேயே கூடுதலானோர் பட்டம் பெற்றிருந்தனர். குலுக்கலில் கெட்டிக்காரத்தனத்திற்கு இடமில்லை. ஆகவே இது படிப்பின் பலனே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்பாடசாலைகள் கிரெடிட்டை மட்டும் கொடுக்கவில்லை. பிந்திய பிள்ளைக்கு மேலதிக வகுப்பும், தடுமாறிய பிள்ளைக்கு ஆலோசனையும் கொடுத்தன. செலவும் பெற்றோர் தலையில் விழவில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இந்தத் துணைதான் பெரிது.

ஆகவே, மகளிடம் மூன்று விடயங்களைச் சொல்லி வையுங்கள்.

பிள்ளை சேர விரும்பும் கல்லூரி இந்த கிரெடிட்டை ஏற்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதில்லை.

படிக்கப்போகும் பட்டத்திற்குத் தேவையான பாடத்தையே எடுக்க வேண்டும். கண்டதையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், காலம் மிஞ்சாது.

கல்லூரிப் பாடத்தில் பெறும் பெறுபேறு நிரந்தரப் பதிவில் நிற்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்து பாடம் எடுக்கிறது என்று நம் பிள்ளையிலும் ஐந்தைச் சுமத்தினால், குறைந்த பெறுபேறுகள் பின்னாலேயே வரும்.

விருப்பமான ஒரு பாடத்துடன் தொடங்கட்டும். அதைத் திறமையாகச் செய்த பிள்ளை அடுத்ததைத் தானாகவே கேட்கும்.