எத்தனை வாட்ஸ்?

திருவிழாவுக்கு மைக் செட் பேச வரும்போது எங்கள் பக்கத்து விழாக்குழுவினர் முதலில் கேட்பது 'எத்தனை வாட்ஸ்?' என்பதுதான். அதியமான்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் மெல்லிசைக் கச்சேரியானாலும் பாரதக் கூத்தானாலும் பேரம் இந்த ஒரு கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கூத்தின் அடவு, ஒப்பனை, பிரதி பற்றியெல்லாம் நாம் சிற்றிதழ்களில் நிறையவே பேசியிருக்கிறோம். ந. முத்துசாமியின் 'அன்று பூட்டிய வண்டி'யைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கூத்து இன்று எந்தக் கருவி வழியாக மக்கள் காதில் விழுகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. தமிழ் படித்தவன் மின்னணுவியலில் மூக்கை நுழைப்பதற்கு இதையே காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வாட் என்பது ஆம்ப்ளிஃபயர் பாக்ஸுக்குக் கொடுக்கும் மின்திறனின் அளவு. காதில் விழும் ஓசையின் அளவு அன்று. அம்மின்திறனில் எவ்வளவு ஓசையாக மாறுகிறது என்பது பாக்ஸின் உணர்திறனைப் பொறுத்தது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் ஒரு பாக்ஸ் 90 டெசிபல் தரும். இன்னொன்று 97 தரும். பழைய புனல் குழாய் 105-ஐயும் தாண்டும். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு ஓசை இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 500 வாட்டுக்குப் பதில் 1000 வாட் பேசி அதிகப் பணம் கொடுக்கும் விழாக்குழு வாங்குவது, கவனித்துக் கேட்டால் மட்டுமே தெரியக்கூடிய ஒரு சிறு வேறுபாட்டை.

பொருத்தம் பார்ப்பது அடுத்த சங்கதி. கிதார் வாசிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 100 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை, 25 வாட் தாங்கும் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்ட பெட்டியோடு இணைப்பது அவர்களுடைய பழைய கணக்கு. பெட்டியின் தாங்குதிறன் ஆம்ப்ளிஃபயரின் திறனுக்குக் குறையக் கூடாது. ஓம் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். 8 ஓம் பாக்ஸ் இரண்டை இணையாகக் கோர்த்தால் 4 ஓம். தொடராகக் கோர்த்தால் 16 ஓம். 4 ஓமுக்குக் கீழே தாங்காத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் மூன்றாவது பாக்ஸையும் இணையாகச் சேர்த்தால் அது சூடேறிச் சாகும். வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பாக்ஸ் இல்லாமல் இயக்கினாலோ அதன் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும்.

கச்சேரி மேடையில் இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. சிறிய ஆம்ப்ளிஃபயர் பெரிய பாக்ஸை ஒன்றும் செய்துவிடாது என்று பலரும் நம்புகிறார்கள். 100 வாட் ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் திருகும்போது அலையின் தலைகள் வெட்டப்பட்டுச் சதுரமாகின்றன. அப்போது அது ஏறத்தாழ 200 வாட் வரை தள்ளக்கூடும். கூடவே உயர் அதிர்வெண்களும் பெருகும். முதலில் எரிவது ட்வீட்டரின் காயில். இதனால்தான் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் பாக்ஸின் தொடர் தாங்குதிறனைப் போல ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு திறனுள்ளதை வாங்கி அடக்கி இயக்கு என்கிறார்கள். அடக்கி இயக்குவது என்பதுதான் இந்த அறிவுரையின் உயிர். எரிந்த காயிலுக்கான செலவு விழாக்குழுவைச் சேர்வதில்லை. மைக் செட்காரரின் அன்றைய கூலியில்தான் கழிகிறது.

இனி, ஒரு கூத்துத் திடலுக்கு எவ்வளவு வேண்டும்? தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். 97 டெசிபல் பாக்ஸுக்கு ஒரு வாட் கொடுத்தால் 16 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவருக்கு 73 டெசிபல் கிடைக்கும். அருகில் இருந்து பேசும் பேச்சே 60 டெசிபல் அளவில்தான். சராசரியாக 10 வாட், கட்டியங்காரன் உரக்கக் கத்தும் நேரத்துக்குப் பத்து மடங்கு இடம் என்று வைத்தாலும் 100 வாட்டில் ஒரு நல்ல கூத்தை நடத்திவிடலாம்.

உலகமும் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே அரங்கில் சுமார் 55,000 பேர் முன்னிலையில் பீட்டில்ஸ் குழு வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களோடு வாசித்தது. ரசிகர்களின் கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. அதன் பிறகு கிதார்காரர்கள் ஆளுயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கிப் பார்த்தார்கள். இன்று பெரிய மேடைகளிலும் 15, 20 வாட் ஆம்ப்ளிஃபயரின் முன்னால் மைக்கை வைத்து, அரங்கின் பொது ஒலியமைப்பு வழியாக அனுப்பிவிடுகிறவர்கள் பலர். கருவி தன் நாதத்தைப் பார்த்துக்கொள்கிறது; கூட்டத்தை எட்டுவது வேறொரு அமைப்பின் வேலை. நம் ஊர் மேடைகளோ இன்னும் பெட்டி அடுக்கும் காலத்திலேயே நிற்கின்றன.

இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே என் கவலை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இந்த இரவுத் தடையை உறுதிப்படுத்தியது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். கூத்து தொடங்குவது இரவு 10 மணிக்கு, முடிவது விடியலில். விதி தடுக்கும் எட்டு மணி நேரமும் கூத்தின் எட்டு மணி நேரமும் ஒன்றே. பகலெல்லாம் சினிமாப் பாட்டைக் கொட்டி ஊரைச் சலிக்கவைத்த பாக்ஸ் ஒன்பதே முக்காலுக்கு ஓய்ந்துவிடுகிறது. அதன் பழியைச் சுமந்துகொண்டு மேடையேறுபவன் கூத்துக் கலைஞன்.

விதியே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் உறக்கம் உரிமை. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்ற வரம்பும் நியாயமானதே. மேற்சொன்ன ஒரு வாட் ஓசைகூடத் தடையில்லா வெளியில் 45-க்கு இறங்க 400 மீட்டர் வேண்டும். எனவே திடல் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். பாக்ஸைப் பந்தக்கால் உயரத்தில் கட்டாமல், ஆள் உயரத்தில் கூட்டத்தை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். முன்னே இரண்டு பெரிதாக வைப்பதைவிட நடுவிலும் பின்னாலும் சிறியதாக நான்கு வைப்பது மேல். இவற்றைச் செய்து காட்டும் குழுவுக்கு, கடிகாரத்தை மட்டும் பார்க்காமல் டெசிபலையும் பார்த்து இசைவு தரும் வகையில் விதி திருத்தப்பட வேண்டும் என்று கேட்கும் தகுதி நமக்கு வரும். பக்கத்து ஊரைவிட அதிர வேண்டும் என்ற போட்டி நீடிக்கும்வரை அந்தத் தகுதி நமக்கு இல்லை.

சத்தம் குறைந்தால் கூட்டம் வராது என்பார்கள். மைக் இல்லாத காலத்தில் முகவீணையும் உச்சத்தில் எடுத்த பின்பாட்டும் கூட்டத்தை விடியும்வரை இருத்திவைத்தன. மைக் வந்தபின் திடலெங்கும் சுழன்றாட வேண்டிய வேடக்காரன், தொங்கும் மைக்கின் கீழே நின்றுகொண்டு பாடுகிறான். ஓசை கூடியது, ஆட்டம் சுருங்கியது.

எங்கள் ஊரின் பெயருக்குரிய அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றின் 89-ஆவது. பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமையின் மீது காற்று மோதி எழும் ஓசையைக் கேட்டாலே, போர் வந்தது என்று எழுபவனாக அவனைக் காட்டுகிறார். அந்த ஓசைக்கு எத்தனை வாட் இருந்திருக்கும்? அதைச் சுற்றி அமைதி இருந்தது, கேட்கும் காது இருந்தது. அடுத்த திருவிழாவுக்கு மைக் செட் பேசப் போகிறவர்கள் வாட்ஸைக் கேட்குமுன், கடைசி வரிசை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதை அளந்துகொண்டு போகட்டும்.