பல பண்டிகையோ, ஒரு பண்டிகையோ?

மார்கழியும் தையும் ஒன்றையொன்று தொடரும் வாரங்களில் காவிரி நாட்டிலே பண்டிகைகளுக்குக் குறைவில்லை. விடியலில் தெருப்பஜனை, பின்னர்த் திருவாதிரை, கிறிஸ்துமஸ், புதுவருஷம், பொங்கல், திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை, சில ஆண்டுகளில் இவற்றோடு நாகூர்க் கந்தூரியும் சேர்ந்துகொள்ளும். "இத்தனையும் தனித்தனியே எதற்கு? யாவர்க்கும் பொதுவாகக் குளிர்கால விழா என ஒன்றை நடத்திப் பேதத்தை ஒழித்துவிடலாகாதா?" என்றதொரு யோசனை மாணவ நண்பர் சிலரிடையே உலவி வருகின்றது. நல்லெண்ணம் பற்றி எழுந்த யோசனையே. எனினும் அதற்கு நாம் உடன்படுவதற்கில்லை.

முதலாவது, அப்பெயரே இம்மண்ணுக்குப் பொருந்துவதன்று. டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டிக் குடியேறினர். டிசம்பர் மாதக் கடைசியில் அவர்களது கோபன்ஹேகன் நகரில் பகற்பொழுது ஏறக்குறைய 7 மணி நேரமே. அவர்கள் வந்து சேர்ந்த கடற்கரையிலோ மிகக் குறுகிய பகலும் ஏறக்குறைய 11½ மணி நேரம். அங்கே பனி மூடிய வெற்று நிலம். இங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பாப் பயிர் கதிர் வாங்கி நிற்கும் பசுமை. சவுக்குக் கிளையில் பஞ்சை ஒட்டி அதனைப் பனியென்று கொள்ளும் வழக்கத்தை நாம் பழிக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சி தருவது. ஆனால் அந்தப் பஞ்சின்மீது பொங்கலையும் கந்தூரியையும் ஏற்றி வைக்க இயலாது.

இரண்டாவது, நாட்கணக்கு. டென்மார்க்கு தேசம் 1700-இல் புதிய கிரிகோரியன் பஞ்சாங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆங்கிலேயரோ 1752 வரையில் பழைய ஜூலியன் பஞ்சாங்கத்தையே பற்றியிருந்தனர். இரண்டிற்கும் வித்தியாசம் 11 நாள். ஆகவே சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய காலத்தில், அவ்வூரார் கிறிஸ்துமஸ் ஆராதனையை முடித்துப் பதினொரு நாள் கழிந்த பின்னரே, வடக்கே கடலூர் தேவனாம்பட்டினக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயருக்குக் கிறிஸ்துமஸ் வந்தது. தரங்கம்பாடிக் கணக்கில் அது ஜனவரி 5. அக்காலத்துப் பொங்கலும் இக்காலத்தைவிட நான்கைந்து நாள் முந்தி, ஜனவரி 10-ஐ ஒட்டி வந்தது. நமது சௌர வருஷம் கிரிகோரியன் வருஷத்தினும் சிறிது நீண்டதாகலின் சங்கராந்தி மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர்ந்து வருகின்றது. நாகூர்க் கந்தூரியோ சந்திர மாதக் கணக்கினது. ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்வந்து, எல்லாப் பருவங்களையும் ஏறக்குறைய 33 ஆண்டில் ஒருமுறை சுற்றிவிடும். ஒரே மதத்தாருக்குள்ளேயே ஒரு பண்டிகை ஒரு தேதியில் நின்றதில்லை. அதனால் அயலார் அயலாராக வாழ்வதற்கு யாதோர் இடையூறும் நேர்ந்ததாக நாம் அறியோம்.

தஞ்சைச் சரித்திரத்தில் இதற்கு இன்னும் நெருங்கிய சான்று உண்டு. சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற வேதநாயக சாஸ்திரியார் 1800-ஆம் ஆண்டை ஒட்டிப் 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாடினார். குறவஞ்சி கோயிலிலும் அரண்மனையிலும் ஆடப்பெற்ற வடிவம். அதனைக் கூச்சமின்றிக் கையாண்டு, பொருளை மட்டும் தமது சமயத்தினின்றும் எடுத்துக்கொண்டார். பின்னர் இரண்டாம் சரபோஜி மன்னர் பிரகதீஸ்வரர்மீது ஒரு குறவஞ்சி பாடித் தரும்படி கேட்டதாகவும், சாஸ்திரியார் அதற்கு இசையவில்லையென்றும், அதன் பின்னும் மன்னர் அவரிடத்து வைத்த நட்புக் குன்றவில்லையென்றும் வழங்குவர். அந்த மறுப்பையும் அந்த நட்பையும் ஒருங்கே நோக்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். இவ்வரசமரபில் முன்னிருந்த பிரதாபசிங்கர் நாகூர்த் தர்காவுக்கு 131 அடி உயரமுள்ள மினாரைக் கட்டுவித்தார். அதனால் மராட்டிய மன்னரின் சிவபக்தி குறைந்ததோ? கந்தூரியின் பெயர் மாறிற்றோ?

"தனித்தனிப் பண்டிகை மனிதரையும் தனித்தனியாக்காதோ?" என்று கேட்பார்க்கு நாம் கூறுவது: ஆக்கக்கூடும், மேளமும் ஊர்வலமும் தெருச்சண்டைக்குக் காரணமானதைக் கண்டவர்கள்தாம் நாமும். ஆயினும் அதற்கு மருந்து பெயரை அழிப்பதன்று. விடுதியில் மூன்றாண்டு பொங்கல் உண்டும், மாட்டுக்கென ஒரு நாள் ஏன் என்று அறியாது ஊர் திரும்பும் பிறமாநில மாணவர் பலர். கிறிஸ்துமஸ் பலகாரத்தட்டை விரும்பி ஏற்றும், ஆலயத்தில் அவ்விரவு என்ன வாசிக்கின்றார்கள் என்று ஒருநாளும் கேட்டறியாதவரும் பலர். தட்டுப் பரிமாற்றம் எளிது. கேட்பதற்குத்தான் நமக்குச் சோம்பல். பண்டிகைக்கு உரியவர் அழைத்துத் தம் வாயால் காரணத்தைச் சொல்லுக. விருந்தினர் வழிபாட்டில் சேரவேண்டுமென்னும் கட்டாயம் இல்லாதிருக்க. அன்றைய சமையலையும் விளக்கையும் மற்றவர் ஏற்றுக்கொள்ளுக. நம் பழைய மாணவர் பலர் வாழும் சிங்கப்பூரில் தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், விசாக தினம், கிறிஸ்துமஸ் ஒவ்வொன்றும் தன் பெயராலேயே அரசாங்க விடுமுறை பெற்றுள்ளது. பொதுவிழா ஒன்றால் அவற்றை மூடிவிட அந்நகரம் கருதவில்லை.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. மார்கழிப் பௌர்ணமியும் அன்றே. வேளாங்கண்ணியில் திரண்ட யாத்திரிகரையும் கரையோரக் குப்பங்களையும் கடல் வாரிக்கொண்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 6,000-க்கு மேல். நாகூர்த் தர்கா தன் நிலத்தைத் திறந்து, எம்மதத்தவர் என்று பாராது இறந்தோரை அடக்கம் செய்ய இடந்தந்தது. அன்றுமுதல் அக்கடற்கரையில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் துக்கநாள். மெழுகுவர்த்தியும் பாலும் பூவும் ஒரே கரைக்குத்தான் வருகின்றன, கொணர்வோர் தத்தம் முறைப்படியே தொழுகின்றனர். அந்த இருபத்தாறாம் நாளைக் குளிர்கால விழாவின் நிகழ்ச்சிநிரலில் எவ்விடத்தில் எழுதுவது என்பதை, யோசனை கூறிய நண்பர்கள் முதலில் நமக்குத் தெரிவிப்பார்களாக.