கதிரவனை அளக்கும் முள்

வீட்டு மாடியிற் சூரிய மின்தகடுகளைப் பதித்துக்கொள்ளும் வழக்கம் இந்நாளில் நம் நாட்டில் விரைந்து பரவி வருகின்றது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடுவணரசு தொடங்கிய திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் வகுக்கப்பட்டமையால், நடுத்தரக் குடும்பத்தாரும் இதனை நாடுவாராயினர். தகடுகளோடு கைப்பேசிச் செயலி ஒன்றும் வீட்டிற்குள் வந்துவிடுகின்றது. அதனைத் திறந்தவுடன் பெரும்பாலும் கண்ணிற்படுவது ஒரு வட்ட முகப்பும் அதில் ஆடும் ஒரு முள்ளுமே. பொறியியலார் பேசவேண்டிய பொருளைத் தமிழ் பயிலும் மாணவன் பேசுவதென்னை என்று நகைப்பாரும் உளராகலாம். முகப்பும் ஒருவகை மொழியேயன்றோ? அது பிழைபடப் பேசுமாயின், கேட்போர் இடர்ப்படுவர். எங்கள் வீட்டில் அவ்வாறே நேர்ந்தது.

என் பாட்டனார் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். எதனையும் மதிப்பெண்ணாகவே நோக்கும் பழக்கமுடையவர். சென்ற ஆண்டு சித்திரையில் ஒருநாள் நண்பகலில், மேகமற்ற வானத்தின்கீழ், முள் 77 விழுக்காட்டில் மஞ்சள் நிறப் பகுதியில் நின்றது. தகடுகள் 3 கிலோவாட், வந்ததோ 2.3. விற்ற நிறுவனத்தாரை வினவியபோது, "அப்படித்தான் சார் இருக்கும்" என்பதே விடையாயிற்று. தூசியே காரணமென்று தாமே முடிவுசெய்து, வாளியுந் துணியுமாக மாடிக்கு ஏறினார். நனைந்த தளத்தில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டெலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடிருந்தார். தகடுகளைப் பின்னர் என் தந்தையார் கழுவினார். முள் அசையவில்லை.

தகடுகளிற் குற்றம் யாதுமில்லை. 3 கிலோவாட் என்பது ஆய்வுக்கூடத்து அளவு. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ, தகடு 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்குங்கால் கிடைக்கும் திறனையே அதன்பின்புறத்தில் எழுதுகின்றனர். நெல்லைச் சீமையின் சித்திரை வெயிலிலோ தகடு 65 பாகை வரையிலுங் காயும். சிலிக்கான் தகடு 25க்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு திறனை இழக்குமாதலின், 40 பாகைக்கு 14 விழுக்காடு போயிற்று. வானத்துப் புழுதியும் நீராவியும் ஒளியிற் சிறிது குறைக்கும். இன்வெர்ட்டரிலுங் கம்பியிலும் சிறிது கழியும். ஆகவே அந்நண்பகலில் 2.3 என்பது அத்தகடுகள் செய்யக்கூடிய முழுவேலையே. அதனை மஞ்சளில் நிறுத்தி, குறையுடையதுபோற் காட்டியது முகப்பின் பிழை.

இவ்வடிவம் எங்கிருந்து வந்ததென்று ஆராயின், ஸ்கூட்டரின் வேகமுகப்பிலிருந்து வந்ததென்பது வெளிப்படை. ஆனால் ஸ்கூட்டரின் வேகம் ஓட்டுவோன் கையிலுள்ளது. முகப்பில் 120 வரை எழுதியிருந்தும், முள் 40இல் நிற்பதுபற்றி எவரும் வருந்துவதில்லை. வெயிலோ நம் கையிலில்லை. ஆயினும் முகப்பின் கடைசி எண்ணை அடையாத ஒவ்வொரு கணமும் தோல்விபோலத் தோன்றுகின்றது. மாலையில் முள் சிவப்பிற்குச் சாய்கின்றது. பொழுது சாய்வது நோயா? சிவப்பையும் பச்சையையும் வேறுபிரித்தறியாக் கண்ணுடையோர் ஆடவருட் பலர் உளர் என்பதனையும் இவ்வமைப்பாளர் எண்ணியதாகத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒன்று கூறாதிருக்க இயலவில்லை. எங்கள் செயலியின் தமிழ்ப்பக்கத்தில் கிலோவாட்டும் கிலோவாட்மணியும் 'மின்சக்தி' என்னும் ஒரே சொல்லாற் குறிக்கப்பட்டிருந்தன. முன்னது ஒரு கணத்தின் திறன். பின்னது நாள் முழுவதும் சேர்ந்த ஆற்றல், மின்கட்டணச் சீட்டில் யூனிட் என வருவது. குழாயில் நீர் விழும் வேகத்தையும் குடத்தில் நிறைந்த நீரையும் ஒரே பெயரால் அழைத்தால், தாகமுடையோன் எதனை நம்புவது?

கணிப்பொறித் துறையிற் பயிலும் என் நண்பர் முள்ளின் பக்கமே நின்றார். அது உயிர்ப்புடன் ஆடுகின்றது, பாமரருக்கும் விளங்கும் என்பது அவர் வாதம். ஆனால் பல செயலிகளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையே புதுச்செய்தி வருகின்றது. இடையில் முள் நடுங்குவது வெறும் கூத்து. விளங்குவதைப் பொறுத்தவரையில், எங்கள் வீட்டில் விளங்கியது யாதென்று முன்னரே கூறினேன்.

இதனினும் நல்ல முன்மாதிரி ஒன்று பண்டே உண்டு. 1853இல் ஜான் பிரான்சிஸ் காம்பெல் என்பார் கண்டு, 1879இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் திருத்திய வெயிற்பதிவுக் கருவி அது. கண்ணாடி உருண்டையொன்று கதிர்களை ஓரிடத்திற் குவித்து, பின்னாலுள்ள அட்டையைச் சுடும். கதிரவன் நகர நகரச் சுட்ட கோடும் நீளும். மேகம் மறைத்த பொழுதில் அட்டை சுடப்படாது நிற்கும். மாலையில் அட்டையை எடுத்தால், அற்றைநாள் முழுவதும் மணிக்குறிகளோடு கையிற் கிடக்கும். அதில் முள்ளுமில்லை, சிவப்புமில்லை.

செயலியின் முகப்பையும் இவ்வாறே அமைத்தல் வேண்டும் என்பது என் துணிபு. கிழக்கிலிருந்து மேற்கு வரை ஒரு வில் வரைக. கடந்த பத்து நாட்களில் அந்தந்த மணியிற் கிடைத்த மிகுந்த திறனை மெல்லிய கோடாக இடுக. இன்று கிடைத்ததை அதன்கீழ் நிரப்புக. மேகம் சென்ற இடத்தில் பள்ளம் தோன்றும். அந்தியில் வில் தானே தாழ்ந்து முடியும். நண்பகலில் அடியோடு மின் வராமற்போனால், நிறத்தால் மிரட்டாது, 'இன்வெர்ட்டரைப் பாருங்கள்' என்று எழுத்தாற் கூறுக. ஆடி மாதச் சாரல் நாட்கள் தொடர்ந்தால் அப்பத்து நாளளவும் தாழ்ந்துபோகுமே என நண்பர் மறுத்தார். மறுப்பு நேரியதே, அதற்கு ஆண்டின் நாளையும் ஊரின் இருப்பிடத்தையுங் கொண்டு தெளிந்த வானத்தின் ஒளியைக் கணக்கிட்டு ஒப்பிடல் வேண்டும். அக்கணக்கு கடினமன்று என்றும் அவரே ஒப்பினார்.

கிறிஸ்மஸ் விடுமுறையில் அவர் இதனைத் தாளில் வரைந்து தர, பாட்டனாரிடம் காட்டினேன். பள்ளத்தின்மேல் விரலை வைத்து, "இங்கே மேகம் போயிருக்கிறதா?" என்றார். பின்னர்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எல்லாம் சரி, இன்றைக்கு மொத்தம் எத்தனை யூனிட்?" என்று கேட்டார். அதனை எழுத நாங்கள் இருவருமே மறந்திருந்தோம்.